நீச்சல் குளம்: நீங்களே முன்னின்று கட்டுவதா, கான்ட்ராக்டரிடம் கொடுப்பதா?

வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்ட ஆசைப்பட்டவர்கள் முதல் கொட்டேஷன் கைக்கு வந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "குழி தோண்ட ஒருவர், கம்பி கட்ட ஒருவர், பைப் போட ஒருவர் என்று கான்ட்ராக்டரும் வெளியாட்களைத்தானே கூப்பிடப் போகிறார்? அவர்களை நானே கூப்பிட்டால் என்ன?"

நியாயமான கேள்வி. கான்ட்ராக்டரின் லாபம் நமக்கு மிஞ்சும் என்ற கணக்கிலும் தவறில்லை. ஆனால் அந்த லாபம் எந்த வேலைக்கான கூலி என்று தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுக்க வேண்டும். என் வீட்டுக் குளத்தில் பெரும்பகுதியை நானே முன்னின்று நடத்தினேன். பிறகு நண்பர்கள் இருவர் கட்டியபோதும் கூடவே இருந்தேன். அதில் எனக்குப் புரிந்தது இது: குழியிலும் கான்கிரீட்டிலும் புதைந்துபோகும் வேலையை ஒரே பொறுப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வேலையைத் தாராளமாக நாமே நடத்தலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் அளவுகோல்களைப் பார்த்துவிடுவோம்.

## எதை வைத்து எடைபோடுவது?

தவறினால் திருத்த முடியுமா? எனக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான். வீட்டில் ஒரு சுவர் கோணலாக வந்தால் இடித்துக் கட்டலாம். குளத்தில் அப்படி முடியாது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் என்று ஒரு நடுத்தரக் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறத்தாழ 45,000 லிட்டர் தண்ணீர் நிற்கும், அதாவது 45 டன். அதைத் தாங்கும் கம்பி, மூலைக்கு மூலை ஓடும் பைப், கம்பியோடு இணைக்கும் எர்த்திங் எல்லாமே கான்கிரீட்டுக்குள் போய்விடும். பிறகு உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீர் உள்ளிருந்து மட்டும் அழுத்துவதில்லை என்பதையும் பலர் யோசிப்பதில்லை. மேலே சொன்ன குளத்தின் கான்கிரீட் தொட்டியை 20 செ.மீ. கனத்தில் கட்டினால் அதன் சொந்த எடை ஏறத்தாழ 34 டன் வரும். தொட்டியின் அடிப்பரப்புக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிலத்தடி நீர் ஏறினால், அது தொட்டியை மேலே தூக்கும் விசை ஏறத்தாழ 37 டன். குளத்தைக் காலி செய்த நேரத்தில் இப்படி நடந்தால் தொட்டி மிதந்துவிடும், அல்லது தரை விரிசல் விடும். அடியில் ஜல்லிப் படுகையும், நிலத்தடி நீரை உள்ளே விட்டு அழுத்தத்தைக் குறைக்கும் வால்வும் வைத்தால் இதைத் தவிர்க்கலாம். இரண்டையும் கான்கிரீட்டுக்கு முன்பே வைத்திருக்க வேண்டும்.

இரண்டு வேலைகள் சந்திக்கும் இடத்தில் யார் நிற்பார்? கம்பி கட்டுபவருக்குக் கம்பி தெரியும், பிளம்பருக்குப் பைப் தெரியும். கம்பிக்கூட்டின் வழியாகப் பைப் போகும் இடத்தில் போதிய கான்கிரீட் மூடுகிறதா என்பது இரண்டு பேருடைய வேலையும் இல்லை. அதைப் பார்ப்பவருக்குத்தான் கான்ட்ராக்டர் என்று பெயர். நீங்களே நடத்தினால் அந்த வேலை உங்களுடையது.

உங்கள் நேரம். மாலையில் வந்து எட்டிப் பார்க்கும் நேரத்தை இங்கே சேர்க்காதீர்கள். பகலில், வேலை நடக்கும்போது, அந்த இடத்தில் நிற்கும் நேரம்தான் கணக்கு.

சட்டப் பொறுப்பும் காப்பீடும். அனுமதி உங்கள் பெயரில் இருந்து, ஆட்களையும் நீங்களே அமர்த்தினால், குழி சரிந்து ஒருவருக்கு அடிபட்டாலோ பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் கண்டாலோ கேள்வி உங்களைத் தேடித்தான் வரும். சாதாரண வீட்டுக் காப்பீடு இதற்கெல்லாம் ஈடு தரும் என்று நினைத்துவிடாமல் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பணம். மொத்தச் செலவை மட்டும் பார்த்தால் போதாது. எந்தக் கட்டத்தில் எவ்வளவு கொடுக்கிறோம், தவறு நடந்தால் திருத்தும் செலவு யாருடையது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## வழி ஒன்று: முழு கான்ட்ராக்ட்

வரைபடம் முதல் தண்ணீர் நிரப்பி மருந்து போடுவது வரை ஒரே நிறுவனம். நல்ல நிறுவனம் அமைந்துவிட்டால் நிம்மதி. தொட்டி கசிந்தால் "அது பிளம்பர் தவறு", "அது கொத்தனார் தவறு" என்று யாரும் கை காட்ட முடியாது. கூப்பிட ஒரே எண்தான்.

மறைந்திருக்கும் செலவைக் கொட்டேஷனின் கடைசிப் பக்கத்தில் தேடுங்கள். 'இதில் சேராதவை' என்று ஒரு பட்டியல் இருக்கும். அப்படிப் பட்டியல் எதுவும் இல்லையென்றால் இன்னும் கவனம் தேவை. மண்ணை அப்புறப்படுத்துவது, பாறை வந்தால் உடைப்பது, குழியில் ஊறும் நீரை இறைப்பது, பம்ப் அறைக்குத் தனி மின் இணைப்பு, சுற்று வேலி, நடைபாதை, ஃபில்டரைக் கழுவும் தண்ணீர் வெளியேற வழி. இவையெல்லாம் அடிக்கடி வெளியே நிற்பவை.

மண் ஒன்றை மட்டும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மேலே சொன்ன குளத்துக்கு, சென்ட்ரிங் அடிக்கவும் ஆள் நிற்கவும் இடம் விட்டு 9 × 5 மீட்டர் குழியை 1.75 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினால் ஏறத்தாழ 79 கன மீட்டர் மண். தோண்டிய மண் இளகிப் பொங்கும். கால் பங்கு பொங்கினால்கூட அள்ள வேண்டியது 100 கன மீட்டரை நெருங்கிவிடும். ஒரு லாரிக்கு 6 கன மீட்டர் என்றால் 16, 17 நடை. கொட்டேஷனில் 'குழி தோண்டுதல்' என்று ஒரு வரி மட்டும் இருந்தால் இந்த நடைகள் யார் கணக்கில் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இந்த வழியின் இன்னொரு ஆபத்து, பெரிய அட்வான்ஸ். குழி, கம்பி, கான்கிரீட், பூச்சு, தண்ணீர்ச் சோதனை என்று கட்டம் கட்டமாகப் பணம் கொடுக்கும்படி ஒப்பந்தம் போடுங்கள். கடைசி 5 முதல் 10 சதவீதத்தைக் கசிவுச் சோதனை முடியும் வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத நிறுவனத்தை நான் தேர்வு செய்ய மாட்டேன்.

யாருக்கு ஏற்றது: பகலில் வீட்டில் இருக்க முடியாதவர்கள், சரிவான நிலம் உள்ளவர்கள், நிலத்தடி நீர் உயர்ந்த இடத்தில் கட்டுபவர்கள். வீட்டு அஸ்திவாரத்துக்கு அருகில் தோண்ட வேண்டியவர்களும் இதில் சேர்த்திதான். அஸ்திவாரத்தின் அடியிலிருந்து 45 டிகிரி சாய்வாக ஒரு கோடு போட்டுப் பாருங்கள். உங்கள் குழி அந்தக் கோட்டைத் தாண்டி வீட்டுப் பக்கம் வருகிறதென்றால் பொறியாளர் இல்லாமல் மண்வெட்டியே எடுக்க வேண்டாம்.

## வழி இரண்டு: முழுவதும் நீங்களே

இதில் மிச்சம் உண்டு என்பது உண்மை. மிச்சத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது கட்டுப்பாடு. எந்த பம்ப், எந்த டைல்ஸ், எங்கே படிக்கட்டு, எல்லாம் நம் விருப்பம். கம்பியைக் கண்ணால் எண்ணலாம். கம்பியை மண்ணில் படாமல் தள்ளி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக் வைத்து, மண் பக்கம் 5 செ.மீ. கான்கிரீட் மூடும்படி கம்பி நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம். அவ்வளவு அக்கறையாக வேறு யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் பலர் அடிபடுகிறார்கள்.

பைப்பை எடுத்துக்கொள்வோம். வீட்டு வேலையில் கைதேர்ந்த பிளம்பருக்கும் குளத்து வேலை புதிதாக இருக்கலாம். 45,000 லிட்டரை 6 மணி நேரத்தில் ஒருமுறை ஃபில்டர் வழியாகச் சுழற்ற மணிக்கு 7.5 கன மீட்டர் ஓட வேண்டும். உறிஞ்சும் பைப்பில் நீரின் வேகத்தை நொடிக்கு 1.5 மீட்டர் அளவில் வைப்பது நல்லது. 40 மி.மீ. உள்விட்டமுள்ள பைப்பில் அந்த வேகத்தில் மணிக்கு 6.8 கன மீட்டர்தான் வரும், 50 மி.மீ. பைப்பில் 10.6 வரும். இந்த ஒரு சென்டிமீட்டரைத் தவறவிட்டால் பம்ப் காலம் முழுக்கத் திணறும், மின் கட்டணமும் ஏறும். பைப் போட்டு முடித்ததும் அழுத்தம் ஏற்றி, அளவியை மாட்டிவிட்டு, கான்கிரீட் போடும்போதும் அதை அப்படியே வைத்திருக்க வேண்டும். கான்கிரீட் நடுவே முள் இறங்கினால் அந்த நிமிடமே தெரிந்துவிடும், தோண்டித் திருத்திவிடலாம். இதைச் செய்யச் சொல்லி நீங்கள் கேட்காவிட்டால் பலர் செய்வதில்லை.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. தரையில் உள்ள உறிஞ்சுதுளை ஒன்றே ஒன்றாக இருந்தால், ஒரு குழந்தையின் உடலோ முடியோ அதை அடைத்தால் பம்ப்பின் முழு இழுப்பும் அங்கேயே விழும். குறைந்தது 90 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள் வைத்து ஒரே பைப்பில் இணைத்து, முடியை இழுக்காத பாதுகாப்பு மூடி போட வேண்டும். கம்பி, ஏணி, கைப்பிடி, பம்ப் என்று உலோகம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று மின்கம்பியால் இணைக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் வேண்டும். மின் வேலையை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்று பல இடங்களில் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பேன்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தண்ணீருக்கடியில் வைக்கும் விளக்குக்கான குழாயை எலக்ட்ரீஷியன் பதித்துவிட்டார் என்று பிளம்பர் நினைத்தார். பிளம்பர் பைப் வேலையோடு அதையும் சேர்த்துப் பதிப்பார் என்று எலக்ட்ரீஷியன் நினைத்தார். கான்கிரீட் வண்டி வாசலில் நின்றபோதுதான் குழாய் இல்லை என்பதை நான் பார்த்தேன். வண்டியைத் திருப்பி அனுப்ப முடியாது, எலக்ட்ரீஷியன் வேறு ஊரில். விளக்கு இடத்தைக் கட்டையால் அடைத்துவிட்டுப் போட்டோம். பிறகு அந்தச் சுவரைக் குடைந்து குழாய் செருகி, நீர் புகாத கலவை வைத்து மூட ஆன செலவு, விளக்கின் விலையைத் தாண்டிவிட்டது. இருவருமே நல்ல வேலைக்காரர்கள். அந்த இடைவெளியைப் பார்க்க வேண்டியவன் நான்.

மறைந்திருக்கும் செலவுகள் இந்த வழியில் வேறு மாதிரியானவை. பொக்லைன் இரண்டு நாள் தாமதமானால் கம்பி கட்டும் ஆட்கள் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் மழை பெய்து குழியின் ஓரம் சரியும், மறுபடி பொக்லைன் வாடகை. இந்த ஆட்களுக்கெல்லாம் பெரிய நிறுவனம் தொடர்ந்து வேலை தரும். நீங்கள் ஒரே ஒரு குளம் கட்டும் வாடிக்கையாளர். அதனால் வரிசையில் உங்கள் இடம் பின்னால்தான். பொருள் விலையிலும் அப்படியே. நிறுவனத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது, மிச்சத்தில் ஒரு பகுதி அங்கேயே கரையும். கடன் வாங்கிக் கட்டுபவர்கள், வீட்டுக்காரரே நடத்தும் வேலைக்குக் கட்டம் கட்டமாகப் பணம் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

குழியின் பாதுகாப்பும் உங்கள் தலையில்தான். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழியில் ஓரத்தைச் சாய்வாக வெட்டாமலோ முட்டுக் கொடுக்காமலோ ஆளை இறக்கக் கூடாது. தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து குறைந்தது 60 செ.மீ. தள்ளித்தான் குவிக்க வேண்டும். ஆழம் குறைவு என்றாலும் மண் ஈரமாக, மணலாக இருந்தால் இதே எச்சரிக்கை வேண்டும்.

யாருக்கு ஏற்றது: ஏற்கெனவே வீடு கட்டிய அனுபவமோ கட்டுமானப் படிப்போ உள்ளவர்கள், இரண்டு மூன்று மாதம் பகலில் இடத்தில் நிற்கக்கூடியவர்கள், நிலம் சமமாகவும் மண் கெட்டியாகவும் அமைந்தவர்கள். இந்த மூன்றும் சேர்ந்து அமைந்தால் தயங்காமல் இறங்கலாம். இரண்டுதான் இருக்கிறது என்றால் அடுத்த வழியைப் பாருங்கள்.

## வழி மூன்று: தொட்டி அவர்களிடம், மற்றது உங்களிடம்

குழி, கம்பி, பைப், எர்த்திங், கான்கிரீட், நீர் புகாத பூச்சு, கசிவுச் சோதனை. இந்த வரிசை முழுவதையும் ஒரே குளத்து நிறுவனத்திடம் கொடுப்பது. டைல்ஸ், நடைபாதை, வேலி, பம்ப் அறை, விளக்கு, செடிகொடி எல்லாம் நம் பொறுப்பு. மறுபடி கட்டுவதாக இருந்தால் நான் இதைத்தான் செய்வேன்.

காரணம் எளிது. கைமாறும் இடம் ஒன்றே ஒன்று, அதையும் சோதித்துப் பார்க்கலாம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தொட்டியை நிரப்பச் சொல்லுங்கள். கான்கிரீட் தண்ணீரை உறிஞ்சி அடங்க இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு நீர்மட்டத்தைக் கோடு போட்டுக் குறியுங்கள். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படிக்கட்டில் வைத்து அதிலும் கோடு போடுங்கள். வெயிலில் ஆவியாவதால் இரண்டிலும் நீர் ஏறத்தாழ ஒரே அளவுதான் இறங்கும். குளத்தில் கூடுதலாக இறங்கினால் அது கசிவு. ஒரு வாரம் பார்த்து, சரியாக இருந்தால் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கடைசித் தவணையைக் கொடுங்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் ஆட்கள் உள்ளே வரலாம்.

கைமாறும்போது மட்டமும் பாருங்கள். 8 மீட்டர் நீளத்தில் 2 செ.மீ. ஏற்ற இறக்கம் நடைபாதையில் தெரியாது. குளத்தில் தண்ணீர் விளிம்புக்கும் டைல்ஸ் வரிசைக்கும் இடையே அது முதல் நாளே பளிச்சென்று தெரியும். தொட்டி நிரம்பியிருக்கும்போதே நாலு மூலையிலும் நீர்மட்டத்திலிருந்து விளிம்பு எவ்வளவு உயரம் என்று அளந்துவிடலாம். தனிக் கருவி எதுவும் வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு உத்தரவாதத்தில் இருக்கிறது. உங்கள் டைல்ஸ்காரர் உள்ளே வந்து சுவரைக் கொத்திவிட்டார் என்று சொல்லி நிறுவனம் கைகழுவப் பார்க்கலாம். எந்த வேலை செய்தால் உத்தரவாதம் போகும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தொட்டியை மட்டும் தனியாகச் செய்து தர எல்லா நிறுவனமும் முன்வராது. தேடிப்பிடிக்கக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்.

யாருக்கு ஏற்றது: வாரத்தில் ஓரிரு நாள் பகலில் நேரம் கிடைப்பவர்கள், சுற்றுப்புறத்தின் அழகைத் தம் விருப்பப்படி அமைக்க நினைப்பவர்கள்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | முழு கான்ட்ராக்ட் | முழுவதும் நீங்களே | தொட்டி மட்டும் அவர்களிடம் |
|---|---|---|---|
| புதையும் வேலையின் பொறுப்பு | நிறுவனம் | நீங்கள் | நிறுவனம் |
| நீங்கள் கவனிக்க வேண்டிய சந்திப்புகள் | ஏறத்தாழ இல்லை | ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் | கசிவுச் சோதனைக்குப் பின் |
| பகல் நேரம் | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் |
| பணம் மிஞ்சுமா | இல்லை | மிஞ்சலாம், தவறு நடந்தால் மேலேயும் போகலாம் | ஓரளவு |
| கசிந்தால் கேட்க ஆள் | உண்டு | பெரும்பாலும் இல்லை | தொட்டிக்கு உண்டு |

## குளத்தின் வகை இந்தக் கணக்கை மாற்றும்

இதுவரை சொன்னது கான்கிரீட் குளத்தை மனதில் வைத்து. ஃபைபர்கிளாஸ் குளம் என்றால் நீங்களே நடத்துவது வெகுவாக எளிதாகிறது. தொட்டி தொழிற்சாலையிலேயே ஒரே துண்டாகத் தயாராகி வரும். குழி, சமமான படுகை, கிரேன், பைப், சுற்றிலும் நிரப்புதல், அவ்வளவுதான். வேலைகள் சந்திக்கும் இடங்கள் குறைந்துவிடுகின்றன. ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணும் கருத்துமாக இருங்கள். உள்ளே தண்ணீர் ஏற ஏற, வெளியே அதே உயரத்துக்கு ஜல்லியோ மணலோ நிரப்பிக்கொண்டு வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் சுவர் வளைந்துவிடும். சாலையில் கொண்டுவர முடிந்த அகலத்துக்கு மேல் தொட்டி கிடைக்காது. கிரேன் கை வீட்டுக்கு மேலாகப் பின்பக்கம் எட்டுமா என்பதையும் தொட்டி வாங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

வினைல் விரிப்புக் குளம் இன்னும் மலிவு. சுவர்ப் பலகைகளைப் பூட்டி உள்ளே விரிப்பை மாட்டுவது. கைத்திறன் உள்ளவர்கள் தாமே செய்துகொள்வதும் உண்டு. விரிப்பை ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதை இப்போதே செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கான்கிரீட்டில் நீங்கள் விரும்பிய வடிவம் கிடைக்கும். ஆனால் பொறுமை வேண்டும். குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் க்யூரிங் செய்ய வேண்டும். முழு வலுவுக்குக் கணக்கிடுவது 28 நாள். உள்பூச்சு சிமெண்ட் வகையென்றால் தண்ணீர் நிரப்பிய முதல் சில வாரங்கள் தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு மேலே மேலே ஏறும். தினமும் பார்த்து 7.2க்கும் 7.8க்கும் இடையில் வைத்துக்கொண்டு, சுவரையும் தரையையும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இந்த முதல் மாத வேலை யாருடையது என்று மூன்று வழிகளிலும் கேளுங்கள். நிறுவனம் ஒருநாள் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவதையே 'துவக்கி வைத்தல்' என்று எழுதியிருக்கலாம்.

## இன்னும் குழப்பமா?

ஒரு தாள் எடுத்து, குழிக்கு இடம் குறிப்பது முதல் தண்ணீர் நிரப்புவது வரை எல்லா வேலையையும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம். முதல் கட்டத்தில், முந்தைய வேலை சரியாக முடிந்தது என்று யார் பார்த்துச் சொல்வார். இரண்டாவது கட்டத்தில், எதை வைத்துச் சொல்வார்: அழுத்த அளவியா, டேப்பா, ரசமட்டமா, வரைபடமா. 'நான்' என்று எழுதிய இடங்களில் இரண்டாவது கட்டத்தையும் உங்களால் நிரப்ப முடிகிறதா என்று பாருங்கள். கான்கிரீட்டுக்கு முந்தைய வரிகளில் ஒரே ஒரு கட்டம் காலியாக நின்றாலும் தொட்டியை வெளியில் கொடுத்துவிடுங்கள். காலி கட்டங்கள் கான்கிரீட்டுக்குப் பிறகு மட்டும்தான் வருகின்றன என்றால் அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள, தொட்டி வலுப்பெறும் அந்த 28 நாட்கள் உங்களுக்கு இருக்கின்றன.